நடுப்பக்கம் வெட்டாத கட்டுரை

நான் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். வயது இருபத்தேழு. பிறப்பத்தாட்சியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். பிழையாக எழுதிவிட்டேனோ என்று இன்னொரு முறையும் எடுத்துப் பார்த்தேன். சரிதான்.

முத்துச்சிப்பியை ஆராய்கிற எங்கள் அரசாங்கக் கந்தோரில் ஆண்களுக்கு ஐம்பத்தைந்தில் முதுமை வரும். பெண்களுக்குக் கலியாணத்தன்று வரும். அதுதான் அங்கே விதி. கழுத்தில் தாலி ஏறிய ஒருத்தி முத்துச்சிப்பியைப் பற்றி வாசித்தால் சிப்பிக்கு என்ன கேடு நேரும் என்று எவரும் ஆராய்ந்து எழுதியதாக நான் காணவில்லை. தேடியும் பார்த்தேன். ஆனாலும் விதியை மதித்து விலகினேன். விடைபெறும் நாளில் ஒரு கண்ணாடித் தட்டமும், என்னுடைய 'நெடுங்காலச் சேவை'யைப் புகழ்ந்து ஒரு பேச்சும் கிடைத்தன. நான் அங்கே இருந்தது நாலு வருடத்துக்கும் குறைவு. பேச்சு மட்டும் நெடுங்காலம் நடந்தது.

இதை எழுதச் சொன்னவர் நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தின் மதர். போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது பிடித்துக்கொண்டார்.

"உயிரியல் படிக்கிற பிள்ளையளுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையைக் குடுத்தா இருந்து அழுகினம். நீ அந்த வேலைதானே செய்தனீ. எங்கட சஞ்சிகைக்கு அனுபவத்தை எழுதித் தா பிள்ளை."

நான் உடனே ஓம் என்றேன். முதலில் ஓம் சொல்லிவிட்டுப் பிறகு பயப்படுவது என் வழக்கம். அழுகிற பிள்ளைகளுக்கு நான் எழுதுவது உதவுமா, இல்லை இன்னும் அழுவார்களா என்று இப்போதும் தெரியவில்லை. என் பிள்ளை தொட்டிலில் கிடந்து காலை உதைக்கிறான். அவன் உதைக்காமல் கிடந்தால் மூச்சு வருகிறதா என்று எழும்பிப் போய்ப் பார்ப்பேன். ஆகவே இந்தக் கட்டுரை அங்கங்கே அறுந்திருக்கும்.

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. மடத்தில் தாவரவியல் படித்தேன். விலங்குகளைப் பற்றிப் படிப்பது பெண்பிள்ளைகளுக்கு அழகில்லை என்று விட்டிருந்தார்கள். பூவுக்குள்ளும் அதே காரியம்தான் நடக்கிறது என்பதை எங்கள் சிஸ்டர்மார் கவனிக்கவில்லை. மன்னார்க் கோட்டைக்குப் பக்கத்திலிருந்த கடல்வள ஆராய்ச்சிக் கந்தோருக்குக் கொழும்பிலிருந்தும் சீமையிலிருந்தும் புத்தகங்களும் சஞ்சிகைகளும் வந்து குவிந்துகொண்டிருந்தன. அவற்றைத் தூசு தட்ட ஒரு ஆள் வேண்டும். ஆங்கிலம் தெரிந்த தூசு தட்டுகிற ஆளாக என்னை எடுத்தார்கள். கூடவே பட்டப்படிப்புக்கு முந்திய இன்டர் சோதனைக்கு உயிரியல் எடுத்துத் தனியாகப் படிக்கலாம் என்றும் சொன்னார்கள். படிப்பிக்க ஒருவரும் இல்லை. கட்டுரைகள் இருந்தன.

எங்கள் மேலதிகாரி நமசிவாயம் ஐயா. யாழ்ப்பாணத்தவர், சீமையில் படித்தவர். மன்னார் வெயிலில் கழுதைகளே நிழல் தேடி எங்கள் விறாந்தையில் வந்து நிற்கும். அப்போதும் ஐயா கோட்டைக் கழற்றமாட்டார். கழற்றினால் பட்டமும் கழன்று விழுந்துவிடும் என்று நினைத்தாரோ தெரியாது. ஆனால் கெட்ட மனிதர் இல்லை. ஒருவரையும் கத்தி ஏசமாட்டார். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். அது போதும்.

சேர்ந்த கிழமையே ஒரு கட்டுரையைத் தந்தார். "இதை வாசிச்சுப்போட்டு வெள்ளிக்கிழமை வந்து சொல்லும் பிள்ளை."

எனக்கு வாசிப்பு என்றால் மடத்தில் ஞானோபதேசம் வாசித்த வாசிப்பு. கேள்வியும் அச்சிலிருக்கும், விடையும் அச்சிலிருக்கும், ஒரு எழுத்துத் தப்பாமல் ஒப்பித்தால் படம் ஒன்று பரிசாகக் கிடைக்கும். அந்தக் கிழமை முழுவதும் கட்டுரையைப் பாடமாக்கினேன். வெள்ளிக்கிழமை ஐயாவின் மேசைக்கு முன்னால் கையைக் கட்டி நின்று தலைப்பிலிருந்து தொடங்கினேன். எழுதியவரின் பட்டங்கள், பதவி, கட்டுரை வந்து சேர்ந்த நாள், நன்றியுரை ஒன்றையும் விடவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஐயா கையைத் தூக்கினார்.

"என்ன பிள்ளை, செபமாலை சொல்லுறீரோ?"

"இல்லை ஐயா. கட்டுரை."

"அவர் என்ன சொல்லுறார் எண்டெல்லோ கேட்டனான்."

"அதைத்தான் ஐயா சொல்லுறன்."

"நீர் சொல்லுறது அவர் எழுதினதை."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. கட்டுரையில் கேள்வி அச்சில் இராது, அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது விளங்க நெடுநாள் சென்றது. 'உனக்கு இது எப்படித் தெரியும்' என்று எழுதியவரைக் கேட்கலாம், கேட்டால் பாவமில்லை என்பது விளங்க அதைவிட நாள் சென்றது. ஞானோபதேச வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டவளை முழங்காலில் விட்டார்கள்.

என் பரிதாபத்தைக் கண்டு ஐயா தன்னுடைய முறையைச் சொல்லித்தந்தார். "முதல் பக்கம் பாக்கவேணும். கடைசிப் பக்கம் பாக்கவேணும். என்ன தேடினார், என்ன கண்டார், அவ்வளவுதான். நடுவில கிடக்கிறது அவையின்ர பாடு."

சீமையில் படித்தவர் சொன்னது. நான் சுவிசேஷம்போல ஏற்றுக்கொண்டேன். ஒரு வருடம் முதலும் கடைசியுமாக வாசித்து மிகுந்த அறிவு பெற்றேன். பிறகு ஒருநாள் மழைக்கு வீட்டுக்குப் போகமுடியாமல் இருந்தபோது ஒரு கட்டுரையின் நடுவைப் பார்த்துவிட்டேன். எந்தக் கடல், என்ன சிப்பி, எத்தனையை வைத்துப் பார்த்தார், எத்தனை செத்தது, செத்ததற்கு அவர் என்ன சாட்டுச் சொல்கிறார் எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் கிடந்தன. கடைசிப் பக்கத்தில் பெரிய குரலில் பேசுகிற மனிதர் நடுப்பக்கத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்லப் பேசுகிறார். அன்றிலிருந்து நான் முதலில் அட்டவணையைப் பார்ப்பேன். அட்டவணையை மட்டும் பார்த்து, இதிலிருந்து நானாக இருந்தால் என்ன சொல்வேன் என்று ஒரு துண்டில் எழுதிக்கொள்வேன். பிறகுதான் அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பது. இரண்டும் ஒத்துவந்தால் சந்தோசம். ஒத்துவராவிட்டால் நான்தான் பிழை என்று நினைத்து மூன்று முறை வாசிப்பேன். அநேகமாக நான்தான் பிழை. அநேகமாக என்றுதான் சொன்னேன்.

பிள்ளை அழுதான். பால் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்தது சரியான நேரமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தந்த குழந்தை வளர்ப்புக் கைநூலில் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பால் கொடுக்க வேண்டும், நடுவில் அழுதால் அழவிட வேண்டும் என்று இருக்கிறது. எந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து இதை எழுதினார்கள், எத்தனை பிள்ளைகளை, தாய்மார் எப்படிப்பட்டவர்கள் என்று தேடினேன். கைநூலுக்கு நடுப்பக்கமே கிடையாது. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் கொழுத்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரிக்கின்றன. என் கணவர் ரயில்வேயில் இருக்கிறார். எதுவும் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்ற கொள்கை உள்ளவர்.

"புத்தகம் சொல்லுறதைச் செய்யன்."

"புத்தகம் ஆரைப் பாத்துச் சொல்லுது எண்டு தெரியேல்லை."

"உனக்கு ஒண்டையும் நம்பேலாது. உன்னை அந்தக் கந்தோர் பழுதாக்கிப்போட்டுது."

இருக்கலாம். கந்தோர் என்னை எப்படிப் பழுதாக்கியது என்பதற்கு இனி வருவதுதான் சாட்சி.

அதற்கு முன் கத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்துச் சஞ்சிகைகள் பெரிய தாளில் அச்சடித்து மடித்துத் தைத்தபடியே வரும். மடிப்பின் ஓரத்தை வாசிக்கிறவர்தான் கத்தியால் கீறித் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தெரியும். நடுவிலுள்ளவை ஒட்டிக்கொண்டு பைபோல இருக்கும். வேண்டுமென்றால் அதை உப்பவைத்து உள்ளே எட்டிப் பார்க்கலாம், கிணற்றுக்குள் பார்ப்பதுபோல. எங்கள் கந்தோரில் தாள் வெட்டும் கத்தி ஒன்றே ஒன்று. தந்தப் பிடி போட்டது. அது ஐயாவின் மேசை லாச்சிக்குள் இருக்கும். வேண்டியவர் போய்க் கேட்கவேண்டும், எந்தக் கட்டுரைக்கு என்று சொல்லவேண்டும், வெட்டி முடிந்ததும் துடைத்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அரசாங்கத்தின் தாள் கிழிந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. தாள்கள் கிழியவில்லை. வாசிக்கப்படவும் இல்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களாக முத்துப் பார்கள் வெறுமையாகக் கிடந்தன. பார் என்றால் கடலடியில் சிப்பி ஒட்டி வளர்கிற கற்பாங்கான நிலம். சிப்பி ஏன் இல்லை என்று கொழும்பு கேட்டது. கடலைக் கேட்கலாம், ஆனால் கடல் எழுத்தில் பதில் தராது. ஐயா தந்தார். மன்னார்த் தீவின் தென்கடலில் எருக்கலம்பிட்டி ஊர்க்காரர் கடலட்டை குளிக்கிறார்கள், அதாவது மூழ்கி அடியிலிருந்து பொறுக்குகிறார்கள், அதனால் அடிநிலம் கலங்கிச் சிறு சிப்பிகள் மூச்சுமுட்டிச் சாகின்றன, இதற்கு விஞ்ஞான ஆதாரம் உண்டு என்று ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு வருடாந்த அறிக்கையில் எழுதினார். ஒவ்வொரு வருடமும் அதே வரியை எழுதினார். எழுதின வரி எழுதினபடி இருந்திருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அந்த வருடம் கொழும்பில் யாரோ அதை வாசித்துவிட்டார்கள். அப்படியானால் தென்கடலை அட்டைத் தொழிலுக்கு மூடிவிடலாமா, ஆதாரத்தோடு சிபாரிசு அனுப்பவும் என்று கடிதம் வந்தது.

ஐயா என்னைக் கூப்பிட்டார். "இதுக்கு நாலைஞ்சு கட்டுரை எடுத்து வையும் பிள்ளை. எல்லாம் ஒரே பக்கம் நிக்கவேணும்."

அதே கிழமை காசிம் நானா கந்தோருக்கு வந்தார். எருக்கலம்பிட்டியில் வள்ளங்கள் வைத்து அட்டைத் தொழில் செய்யும் சம்மாட்டி. சோளகக் காற்று ஓய்ந்து தென்கடல் தெளிகிற நேரம் அது. அவருடைய வள்ளங்களுக்குத் தார் பூசியாகிவிட்டது. கரையில் அட்டை அவித்துக் காயவைக்கிற வாடியும் கிடுகால் கட்டியாகிவிட்டது. குளிக்கிற ஆட்கள் வந்திறங்கிவிட்டார்கள். அந்தப் பருவம் போனால் அந்தக் குடும்பங்களுக்கு அந்த வருடமே போனதுதான். அவர் விறாந்தையில் கழுதைகளை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஐயா, கடலைப் பூட்டப்போறியளாமே. தொறப்பு ஆர்ட்டக் குடுப்பியள்?"

"நான் பூட்டேல்லை. கட்டுரை சொல்லுது."

"அப்ப அந்தக் கட்டுரையைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ. நானும் அவரோட ஒரு வார்த்தை கதைச்சுப் பாக்கிறன்."

ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். காசிம் நானா அந்தப் பார்வைக்கு அஞ்சுகிற ஆள் இல்லை. அவர் விறாந்தை வாங்கில் போய் இருந்துகொண்டார். அன்று தொட்டுத் தினமும் வந்து அதே வாங்கில் இருப்பார். என்னைக் கண்டால், "தங்கச்சி, அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்பார். கட்டுரையைத்தான்.

நான் தேடினேன். தேடுவதென்றால் எங்கள் அலுமாரியைக் கிண்டுவதல்ல. வருடாவருடம் வந்த கட்டுரைகளைப் பொருள் வாரியாகச் சொல்லும் தடித்த சுட்டிப் புத்தகங்கள் உண்டு. அதில் சிப்பி, சேறு என்ற தலைப்புகளின் கீழே பார்த்து, கொழும்புக்கு எழுதி, ரயிலில் கட்டு வருகிறவரை காத்திருந்து, வந்ததும் கட்டுரையின் கடைசியிலுள்ள உசாத்துணைப் பட்டியலைப் பார்த்து அடுத்ததற்கு எழுதவேண்டும். முதல் கட்டுரை, அட்டைத் தொழில் கேடு என்றது. எப்படித் தெரியும் என்று பார்த்தால் இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது மூன்றாவதைக் காட்டியது. ஒன்றும் தான் பார்த்ததாகச் சொல்லவில்லை.

அந்த நாட்களில் எனக்கும் வீட்டில் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமான பொடியன் என்று மாமா சொன்னார். ஆர் சொன்னது என்று கேட்டால் பேசாலைச் சித்தப்பா சொன்னாராம். அவரைக் கேட்டால் கோவிலில் ஒருவர் சொன்னாராம். பொடியனை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. ஆனால் தங்கம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஐயா கேட்டபடி எல்லாம் ஒரே பக்கம் நின்றன.

நாலாவது கட்டுரையும் இன்னொன்றைத்தான் கைகாட்டியது. அது சுட்டிய கட்டுரை கொழும்பிலிருந்து வரவேண்டியதில்லை. எங்கள் அலுமாரியிலேயே, அந்தக் கட்டுரையை மட்டும் அச்சடித்த தனிப்பிரதியாக இருந்தது. ஐயா வருடாவருடம் அறிக்கையில் குறிப்பிட்டதும் அதைத்தான். எடுத்துத் தூசு தட்டினேன். விரித்தேன். விரியவில்லை. முதல் பக்கம் தெரிந்தது. கடைசிப் பக்கம் தெரிந்தது. நடு, அச்சகத்தில் மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது.

நான் அதை உப்பவைத்து எட்டிப் பார்த்தேன். இரண்டொரு சொல் தெரிந்தது. அவை எனக்குப் பயத்தைத் தந்தன. வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இந்த நாலையும் ஐயாவின் மேசையில் வைத்திருந்தால் அவர் கேட்டதைச் செய்தவளாவேன். உண்மையில் அப்படித்தான் செய்ய நினைத்தேன். மேசைக்குப் போகிற வழியில் காசிம் நானா, "தங்கச்சி, அவர் என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். "இன்னும் கேக்கேல்லை நானா," என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஐயா, கத்தி வேணும்."

"என்னத்துக்கு?"

"ஒரு கட்டுரை வெட்ட."

"புதுசா வந்ததோ?"

"இல்லை ஐயா. பழசு."

"பழசெல்லாம் வெட்டித்தானே கிடக்குது."

நான் தனிப்பிரதியை மேசையில் வைத்தேன். ஐயா தலைப்பைப் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு மறுபடி ஓரத்தைப் பார்த்தார். மடிப்பு போகவில்லை.

"இது ரெண்டாவது பிரதியாய் இருக்கும். நான் வாசிச்சது மற்றது."

"ஓம் ஐயா."

மற்றது என்று ஒன்று இல்லை. கந்தோர்ப் புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதியது நான். அது அவருக்கும் தெரியும். அரசாங்கச் சேவையில் நான் கற்ற சொற்களில் மிகவும் பயன்பட்டது 'ஓம் ஐயா'தான்.

அவர் லாச்சியை இழுத்துக் கத்தியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். தரவில்லை. தானே எழும்பி நின்று, மடிப்புக்குள் கத்தியை நுழைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தார். பழைய தாள் பொடியாக உதிர்ந்து கோட்டுக் கையில் விழுந்தது. தட்டிவிடவில்லை. ஒவ்வொரு மடிப்பாக வெட்டி முடித்து, கத்தியைத் துடைத்து, லாச்சியில் வைத்து மூடினார். தன் விதியைத் தானே கடைப்பிடித்ததை நான் அன்றுதான் கண்டேன். பிறகு நின்றபடியே வாசித்தார். என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் நின்றேன்.

"சேறு," என்றார்.

"ஓம் ஐயா."

"ஆத்துவாய்ச் சேறு. இரும்பு வாரியால வாரினவை." பக்கத்தைத் திருப்பினார். "இது தின்னுற சிப்பி."

அதை நான் இரவோடிரவாக மாற்றி வைத்துவிட்டேன் என்பதுபோலச் சொன்னார். குளிர்நாட்டு ஆற்றுவாய் ஒன்றில், சேற்று நிலத்தில், இரும்பு வாரியால் கிளறினால் உண்ணும் சிப்பிக்கு என்னாகும் என்று பார்த்த மனிதர் அவர். நேர்மையான மனிதர். கல்லும் மணலுமான நிலத்துக்கு இது பொருந்துமா என்று தனக்குத் தெரியாது, தனியாகப் பார்க்கவேண்டும் என்று நடுப்பக்கத்தில் எழுதியிருந்தார். நடுப்பக்கத்தில் எழுதினால் பத்திரமாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

ஐயா கதிரையில் இருந்தார். பிறகு நிமிர்ந்தார். இங்கேதான் அந்த மனிதரின் கெட்டித்தனம். தோற்ற இடத்தில் நிற்கமாட்டார்.

"எழுதும் பிள்ளை. அட்டை குளிக்கிறதால சிப்பிக்கு ஒரு கேடும் இல்லை எண்டு விஞ்ஞானம் நிறுவியிருக்குது."

விறாந்தையில் காசிம் நானா எழும்பி நின்றார். கதவு திறந்தே இருந்தது. எனக்குப் பேனையை மையில் தொட்டு எழுதுகிற வேலை மட்டும்தான். கடல் திறந்திருக்கும். வள்ளங்கள் இறங்கும். ஐயாவின் மானம் நிற்கும். எல்லோருக்கும் சந்தோசம். நான் பேனையைத் தொட்டேன். எழுதவில்லை.

"ஐயா, அதுவும் இதில இல்லை."

"எது?"

"கேடு இல்லை எண்டும் இதில இல்லை. இது வேற கடல், வேற சிப்பி."

ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். காசிம் நானா வாசலுக்கு வந்துவிட்டார். "தங்கச்சி, கோப்பைக்கு வந்த சோத்தைத் தட்டிவிடாதேங்கோ. ஐயா எழுதச் சொல்லுறார், எழுதுங்கோவன்."

நான் துணிவினால் சொன்னதாக மடத்துப் பிள்ளைகள் நினைக்க வேண்டாம். பயத்தினால் சொன்னேன். கொழும்பில் யாரிடமாவது கத்தி இருந்துவிட்டால்? அவர்கள் ஒருநாள் நடுப்பக்கத்தை வாசித்தால், மன்னார்க் கந்தோர் இந்தப் பக்கமும் பொய், அந்தப் பக்கமும் பொய் என்று கடலை மூடிவிடுவார்கள். பிறகு யார் சொன்னாலும் எடுபடாது. இதை இவ்வளவு ஒழுங்காக அன்று சொல்லவில்லை. தடக்கித் தடக்கிச் சொன்னேன்.

"அப்ப என்னதான் எழுதச் சொல்லுறீர்?"

"எங்கட கடலில ஒருத்தரும் அளந்து பாக்கேல்லை, அதால தெரியாது எண்டு."

"தெரியாது எண்டு எழுதவோ நான் சீமைக்குப் போய்ப் படிச்சனான்?"

அதற்கு 'ஓம் ஐயா' பொருந்துமா என்று தெரியவில்லை. ஐயா கட்டுரையைக் கையிலெடுத்து, வெட்டிய ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'இக்கட்டுரையை நெடுங்காலமாக நுணுகி வாசித்து வருபவன் என்ற முறையில்' என்று தொடங்கியது. அந்த வரியை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் எழுதினேன். உசாத்துணை கேட்கமாட்டார்கள் என்ற துணிவு. ஆனால் கடைசி வரி நான் கேட்டபடியே இருந்தது. கேடு உண்டா இல்லையா என்பது இக்கடலில் இதுவரை அறியப்படவில்லை, ஒரு பகுதியைத் தொழிலுக்கு விட்டு ஒரு பகுதியை விடாமல் வைத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். ஐயா கையெழுத்து வைத்தார். அந்த ஒரு வரிக்காக அவர் என்னுடைய மேலதிகாரி என்று இன்றைக்கும் மரியாதையோடு சொல்வேன். மற்ற வரிகளுக்கு, அவர் கோட்டுக்கு உள்ள மரியாதை.

கடிதம் ரயிலில் போனது. காசிம் நானா வாங்கைவிட்டு எழும்பிப் போனார். அதன்பின் தெருவில் கண்டால் என்னைப் பார்க்காமல் பெருக்கமரத்தைப் பார்த்துக்கொண்டு போவார்.

நான் சோறு சாப்பிடவில்லை. தெரியாது என்று வந்தால் பத்திரத்துக்கு மூடிவைப்போம் என்று கொழும்பு நினைத்தால் என்ன செய்வது? 'கேடில்லை' என்று எழுதியிருந்தால் இந்நேரம் உத்தரவு வந்திருக்குமே. ஒரு சொல்லின் சுத்தத்துக்காக எத்தனை அடுப்பை அணைக்கப் பார்த்தேன் என்று ஒவ்வொரு நாளும் தபால் கோச்சி கூவிக்கொண்டு வரும்போது எண்ணிப் பார்ப்பேன். பகலில் நான் செய்தது சரி என்று தோன்றும். பின்னேரத்தில் பிழை என்று தோன்றும்.

கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அறியப்படவில்லை என்றால் மூடலாம் என்று கருதவேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். அறியப்படவில்லை என்று ஐயா பதில் எழுதினார். அப்படியானால் திறந்துவிடலாம் என்று கருதவேண்டுமா என்று அடுத்தது வந்தது. அதுவும் அறியப்படவில்லை என்று எழுதினார். அவருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. அங்கே 'ஆம்' என்ற தாள்களுக்கு ஒரு தட்டு இருக்கிறது, 'இல்லை' என்ற தாள்களுக்கு ஒரு தட்டு இருக்கிறது. எங்கள் தாளை எதில் போடுவதென்று தெரியாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை முன்னிருந்த வழக்கமே தொடரும் என்பது பொது விதி. முன்னிருந்த வழக்கம் கடல் திறந்திருப்பது.

எருக்கலம்பிட்டி வள்ளங்கள் தென்கடலில் இறங்கின. வாடிகளில் அட்டை அவிகிற மணம் தீவு முழுவதும் வந்தது. அவ்வளவு நாற்றமான ஒன்றை நான் அவ்வளவு சந்தோசத்தோடு மோந்தது அந்த ஒரு முறைதான். தாள் மேசைகளைச் சுற்றி முடிவதற்குள் காற்று மாறி, பருவம் முடிந்து, வள்ளங்கள் கரையேறிவிட்டன. அளந்து பார்க்கும் சிபாரிசுக்கும் இன்னும் பதில் வரவில்லை என்று கேள்வி. அதற்கும் தட்டு இல்லைப்போலும்.

வள்ளங்கள் ஏறின பிறகு காசிம் நானா கந்தோர்ப் பக்கம் வந்தார். எனக்குக் கலியாணம் பொருந்தி, விலகும் கடிதம் கொடுத்திருந்த நேரம். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கில் இருந்து வியர்வையைத் துடைத்தார்.

"வீட்டுக்குப் போறியளாமே தங்கச்சி."

"ஓம் நானா. கந்தோரில அதுதான் சட்டம்."

"ம்." ஐயாவின் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கட அந்தத் 'தெரியாது' நல்லாத்தான் வேலை செய்யுது. போக முந்தி, வாற வருசத்துக்கும் ஒண்டு எழுதி வைச்சிட்டுப் போங்கோ."